நாற்பது தலைகளில் ஒரு ஷிமாக்

ஹாயில் பாஷா கோப்பையைக் கீழே வைத்தார்.

வைத்தார் என்றால் நாமெல்லாம் வைப்பதுபோல் இல்லை. அணைக்கட்டுக்கு அடிக்கல் நாட்டுகிறவர்போல வலது கையை நீட்டி, ஒரு கணம் நிறுத்தி, எல்லோரும் பார்த்துவிட்டார்களா என்று உறுதி செய்துகொண்டு, கம்பளத்தின் நட்டநடுவில் வைத்தார்.

பெண் கேட்டு வந்த கூட்டத்தின் தலைவர் கஹ்வாக் காப்பியைக் குடிக்காமல் கீழே வைப்பது குவைரா பாலைவன வட்டாரத்தில் நடக்கிற காரியம்தான். வைப்பார், பெண்ணைக் கேட்பார். 'குடியுங்கள், கேட்டது கிடைத்தது' என்று பெண் வீட்டார் சொல்வார்கள். குடிப்பார். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் குலவையிடுவார்கள். மொத்தம் மூன்று நிமிட வேலை. அப்புறம் ஆட்டுக்கறி. கூடாரத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் மனத்தளவில் ஏற்கெனவே ஆட்டுக்கறியை எட்டியிருந்தார்கள்.

"பொண்ணு கேக்க வந்திருக்கோம்," என்றார் பாஷா. "ஆனா அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு கேக்கணும். எங்க தாத்தா தலையில கட்டுன ஷிமாக். போர்க்களத்துல குண்டு துளைச்ச ஷிமாக்! ஓரத்துக்குக் குஞ்சம் கட்டித் தரச் சொல்லி இந்த வீட்டம்மா கையில குடுத்தேன். திரும்பி வரல. அது வந்தாத்தான் நான் பொண்ணைக் கேப்பேன். இந்தக் கஹ்வா ஆறுறதுக்குள்ள வரணும். ஆறிட்டா, எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவோம்."

மாப்பிள்ளை மாஜித்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியான பாஷா அவனுக்குப் பெரியப்பா. அவர் எழுந்தால் கூட்டமே எழும். திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஷாஹிர், பக்கத்திலிருந்த நஹாரின் காதில் சொன்னான்: "அண்ணே, வெளியில வெயில் நாற்பது டிகிரி. இங்க கஹ்வா ஆறணும்னா டிசம்பர் வரைக்கும் உக்காரணும்."

நஹார் சிரிக்கவில்லை. பாலைவனக் காவல்படையில் இருபத்திரண்டு வருடம் கால்தடம் பார்த்தவர். ஓய்வுக்குப் பின் தொலைந்த ஒட்டகம், தொலைந்த மாப்பிள்ளை, தொலைந்த மானம் எல்லாவற்றையும் தேடிக் கொடுப்பார். ஷாஹிர் அவருக்கு ஓட்டுநர், உதவியாளர், தீராத தலைவலி. மற்ற நேரங்களில் வாதி ரம் திருப்பத்தில் கடை போட்டு, சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களுக்குத் தலைத்துணி விற்பான். கறுப்பு, மணல் நிறம், ஆலிவ் பச்சை. 'அசல் ராணுவ ரகம்' என்று அட்டை. கூடவே கட்டுவதற்கான பன்னிரண்டு முறைகள் படத்துடன் இலவசம். அந்தப் பன்னிரண்டில் ஒன்றைக்கூட அவன் பரம்பரையில் எவனும் கட்டியதில்லை.

"ஆறிடுச்சுன்னு யாரு முடிவு பண்றது?" என்று ஷாஹிர் சத்தமாகக் கேட்டான்.

பாஷா இதை எதிர்பார்க்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். அவர் கண் கேப்டன் நைஜல்மேல் விழுந்தது.

இங்கிலாந்தின் ஏதோ ஒரு மூலையில் ராணுவத் தலைத்துணிகளுக்கென்றே ஒரு சின்ன அருங்காட்சியகம் நடத்துகிறவர் நைஜல். பாஷாவின் தாத்தா ஷிமாக்கை ஓர இழை வரைக்கும் ஆராய்ந்து படமெடுக்க வந்திருந்தார். ஷாஹிர் கடையில் வாங்கிய ஆலிவ் பச்சைத் துணியை ஏழாம் எண் முறைப்படி சுற்றியிருந்ததால் விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவர்போல் இருந்தார். அரபு மொழியைப் புத்தகத்தில் மட்டுமே கற்றிருந்தார்.

"பெருமக்களே! அடியேனிடம் வெப்பமானி உளது," என்றார். அடுப்புச் சூடு பார்க்கும் கருவியைத் துப்பாக்கிபோல் இடுப்பிலிருந்து உருவிக் கோப்பையை நோக்கி நீட்டினார். முன் வரிசையில் நான்கு பேர் பின்னால் சாய்ந்தார்கள். "அறுபத்தொரு பாகை! நாற்பதைத் தொட்டால் ஆறியதாகக் கொள்வோம். உடன்படுகிறீர்களா?"

ஆறிய கஹ்வாவுக்கு விஞ்ஞானபூர்வமாக எல்லை வகுக்கப்பட்டது. பாஷா கம்பீரமாகத் தலையை ஆட்டினார். நெற்றிக்குமேல் ஷிமாக்கின் கூரை லேசாகச் சரிந்தது. பாவம், வெயில்.

நஹார் நகர்ந்து திரையோரம் போய் உட்கார்ந்தார். ஷாஹிர், பாஷாவுக்குக் காற்றுப் படட்டும் என்று மாஜித்தின் தம்பி கோப்பைப் பக்கம் திருப்பி வைத்திருந்த ஏர்கூலரைப் போகிற போக்கில் காலால் வேறு பக்கம் தள்ளிவிட்டு, பின்னாலேயே போனான்.

திரையின் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. நௌஃபாவின் கண். ஏழு வருடமாக விதவை. குஞ்சம் கட்டித்தான் மகளை வளர்த்தவள்.

"அபூ ஜதான்," என்றாள் நஹாரிடம், மகன் பெயரால் மரியாதையாக அழைத்து, "வியாழக்கிழமை அசர் தொழுகைக்கப்புறம் அந்தத் துணிய அவர் கையில குடுத்தேன். அவர் கையில! சாட்சி கிடையாது. பாஷாகிட்டப் போயி ரசீது கேக்கவா முடியும்?"

"குடுக்கறப்ப என்ன பேசுனீங்க?"

"என்ன பேசுவாங்க? வேலை நல்லா வந்திருக்கு பாஷான்னேன். பழைய குஞ்சத்த அவுத்தப்ப ஓரத்துல ஏதோ நீலக் கலர்ல முத்திரை இருந்துச்சு, பார்க்க அசிங்கமா இருந்துச்சு, அந்த மூலைக்கு மட்டும் மூணு குஞ்சம் கூடச் சேத்து அடர்த்தியாக் கட்டி மறைச்சிட்டேன்னு சொன்னேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தா, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு."

"முத்திரையில என்ன எழுதியிருந்துச்சு?"

"கண்ணாடி போட்டாத்தான் எனக்கு எழுத்துத் தெரியும். குஞ்சம் கட்டுறது விரலால. கண்ணு எதுக்கு?" குரல் தாழ்ந்தது. "இங்க உக்காந்திருக்கிற நாற்பது தலையில இருபது தலைக்கு நான்தான் கட்டினேன். திருடின்னு பேரு விழுந்துட்டா நாளைக்கு எவன் குடுப்பான்? எம் பொண்ண எவன் கட்டுவான்? உள்ள உக்காந்து அழுவுறா. அழுதா மை கலையுதேன்னு அதுக்கும் சேத்து அழுவுறா."

"ஐம்பத்து நான்கு பாகை!" என்றது நைஜலின் குரல்.

நஹார் ஷாஹிரிடம் திரும்பினார். "பாஷா வீட்டுல போலீஸ் தேடுச்சா?"

"மூணு தடவை. வீட்டுல இல்லன்னு காட்டுறதுக்காகத் தேடச் சொன்னதே பாஷாதான். தலையணையக் கிழிச்சாங்க, மாவு ட்ரம்முக்குள்ள கைய விட்டாங்க. அவங்க வீட்டம்மா இன்னும் பஞ்சு பொறுக்கிட்டிருக்காங்க. தேடாத இடம்னா ஒட்டகத்து வயிறு ஒண்ணுதான் பாக்கி."

"சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துணிய நீ ஒளிச்சு வெக்கணும்னா, எங்க வெப்பே?"

"பொட்டியில, பரண்ல, மாமியார் வீட்டுல..." ஷாஹிர் நிறுத்தினான். நஹாரின் பார்வை போன திசையில் அவனும் பார்த்தான்.

நாற்பது பேர். அதில் நைஜலை விட்டுவிட்டால் முப்பத்தொன்பது தலை. முப்பத்தொன்பதிலும் சிவப்புக் கட்டம்.

"யா சாமி," என்றான் ஷாஹிர். "அண்ணே, ஒருத்தன் தலையிலேருந்து ஷிமாக்கக் கழட்டச் சொன்னா இங்கயே கொலை விழும். ஆட்டுக்குப் பதிலா என்னைச் சோத்துல வெச்சுடுவாங்க."

"கழட்டச் சொல்ல வேணாம். நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு."

ஷாஹிருக்குப் புரிந்துவிட்டது. ஒரு பாலைவனத்துக்காரனின் வாளையோ வாட்சையோ குதிரையையோ 'நல்லா இருக்கே' என்று சொல்லிவிட்டால், 'உனக்குத்தான், எடுத்துக்கோ' என்று அவன் சொல்லியே ஆகவேண்டும். 'உங்ககிட்ட இருந்தாத்தான் அழகு' என்று நாம் மறுத்தே ஆகவேண்டும். இரண்டில் எது தவறினாலும் ஏழு தலைமுறைக்குப் பேச்சு. திருடன் வாயில் மட்டும் 'எடுத்துக்கோ' சுலபத்தில் வராது.

ஷாஹிர் முன் வரிசையிலிருந்து ஆரம்பித்தான்.

"அம்மாம் பெரிய ஷிமாக்! என்ன நெசவு!"

"உனக்குத்தான், எடுத்துக்கோ."

"உங்க தலைக்குத்தான் அழகு."

அடுத்தவர். "அடடா, என்ன சிவப்பு!"

"உனக்குத்தான்."

"உங்க தலைக்குத்தான்."

பத்தாவது ஆளுக்குள் மூச்சு வாங்கியது. இருபதாவது ஆள் இவன் வாயைத் திறக்குமுன்பே 'உனக்குத்தான்' என்றார். ஒரு கிழவர் காது கேட்காமல், தன் பல்லைத்தான் புகழ்கிறான் என்று நினைத்துக் கழற்றி நீட்டினார். பாஷாவிடம் வந்தபோது ஷாஹிரின் குரலில் வறட்சி தட்டியிருந்தது.

"பாஷா, உங்க ஷிமாக்..."

"உனக்குத்தான்!" என்றார் பாஷா, கூடாரக் கம்பம் அதிர. தாராளத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய சொந்தக் கருத்து. "எடுத்துக்கோ!"

"உங்க தலைக்குத்தான் அழகு, பாஷா."

நைஜலிடமும் சொல்லி வைத்தான். அவர் மகிழ்ந்துபோய், "நன்றி! பதினான்கு தினார். தங்கள் கடையில்தான் வாங்கினேன்," என்றார்.

கடைசியாக மூலையில், ஹம்தான். கார் உதிரிபாகக் கடைக்காரன். ஷிமாக்கை இரண்டு கையாலும் தலைக்குமேல் கூரைபோல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஹம்தான், உன் ஷிமாக் பிரமாதம்."

ஹம்தான் துணியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். "நன்றி," என்றான்.

வெறும் நன்றி! ஷாஹிர் ஒரே தாவில் நஹாரிடம் வந்தான். "அண்ணே, அமுக்கிட்டோம்! ஹம்தான். தர்றேன்னு சொல்லல. தலையில கைய வேற வெச்சு மறைச்சுட்டிருக்கான்."

நஹார் போய் ஹம்தானின் பக்கத்தில் குந்தினார். இரண்டு பேரும் ஏதோ குசுகுசுத்தார்கள். ஹம்தான் அழுகிற நிலையில் துணியின் ஓரத்தை அரை அங்குலம் தூக்கிக் காட்டினான். உள்ளே, புதிதாக நாற்று நட்ட வெங்காயப் பாத்தி மாதிரி ஒரு மண்டை.

"இஸ்தான்புல்லுல போட்டது," என்றான் ஹம்தான். "மூவாயிரத்து இருநூறு முடி, ஒவ்வொண்ணும் தனித்தனியா நட்டது. பத்து நாளைக்குத் துணி உரசக் கூடாதுன்னான் டாக்டர். காலையிலேருந்து தூக்கிப் புடிச்சே கை செத்துப்போச்சு. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, அபூ ஜதான்."

"நாற்பத்தைந்து பாகை, பெருமக்களே!"

ஷாஹிர் தலையில் கைவைத்தான். "போச்சு. எல்லாரும் தர்றேன்னுட்டாங்க. யோசனை புஸ்ஸுன்னு போச்சு."

"எல்லாரும் தர்றேன்னாங்க," என்றார் நஹார். "நீ ஏன்டா வாங்கல?"

"வாங்குறதா? யாராச்சும் வாங்குவாங்களா?"

"யாரும் வாங்கமாட்டாங்கன்னு தெரிஞ்சா திருடனும்தான் தர்றேம்பான். அது போகட்டும். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வர்றப்ப பாஷாவோட ஷிமாக் எப்படி இருக்கும்?"

"தகரக் கொட்டாய் மாதிரி. அவ்வளவு கஞ்சி. அந்த மடிப்புல தக்காளி நறுக்கலாம்."

"இன்னிக்கு?"

ஷாஹிர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். ஊரில் மாட்டுத்தொழுவம் திறந்து வைக்கப் போனாலும் கஞ்சி போட்டுத் தேய்த்த ஷிமாக்கோடு போகிறவர் பாஷா. இன்றைக்கு, சொந்தத் தம்பி மகனுக்குப் பெண் கேட்க வந்த இடத்தில், நெற்றியில் துணி நமத்த அப்பளமாகத் தொங்கியது. அது மட்டுமா? துணியின் குறுக்கே பெட்டிக்குள் வருடக்கணக்கில் நாலாக மடிந்து கிடந்தால் விழுமே, அந்தச் சிலுவை மடிப்பு.

"கஞ்சி போடக் குடுத்தா அவரு வீட்டம்மா கண்டுபுடிப்பா," என்றார் நஹார். "லாண்டரியில குடுத்தா ஊரே கண்டுபுடிக்கும். வீடு முழுக்கத் தேடச் சொல்லி அவரே கத்தியாச்சு. தேடாத இடம் ஒண்ணே ஒண்ணுதான், கத்துனவரு தலை."

"நாற்பத்திரண்டு!"

நஹார் எழுந்தார். அவசரமே இல்லாமல் நடந்து பாஷாவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"பாஷா, உங்க ஷிமாக் ரொம்ப நல்லா இருக்கு."

பாஷா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "உங்களுக்குத்தான், அபூ ஜதான்! எடுத்துக்கோங்க!"

"ரொம்ப சந்தோஷம்," என்றார் நஹார். "எடுத்துக்கிறேன்."

கூடாரத்தில் ஈ பறப்பது கேட்டது. பிறகு அந்த ஈயும் உட்கார்ந்துவிட்டது.

ஆதாம் காலம் தொட்டு அந்தப் பாலைவனத்தில் எவனும் அப்படிப் பதில் சொன்னதில்லை. ஒரு பெரியவர் ஜெபமாலையைத் தவறவிட்டார். நைஜல் ஏதோ முக்கியமானது நடக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டு வெப்பமானியைத் தாழ்த்தினார்.

"என்... என்னது?" என்றார் பாஷா.

"குடுத்தீங்க. வாங்கிக்கிறேன்." நஹார் கையை நீட்டியபடி இருந்தார். "நாற்பது பேர் காதால கேட்டாங்க."

கொடுக்காவிட்டால் வாக்குத் தவறியவர். கொடுத்தால்? பாஷாவின் கை ஷிமாக்கை இறுக்கியிருந்த கறுப்பு வளையத்துக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. கடைசியில் கழற்றினார். வெறும் வெள்ளைத் தொப்பியோடு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, இத்தனை வருடமாக ஊர் பார்த்த அவர் உயரத்தில் பாதி துணிதான் என்று ஷாஹிருக்குத் தோன்றியது.

நஹார் மடிமேல் விரித்தார். நடுவில் பட்டாணி அளவு ஓட்டை. விளிம்பைச் சுற்றி வெள்ளைக் குஞ்சங்கள். ஒரு மூலையில் மட்டும் கொத்தாக, கூடுதலாக மூன்று. கட்டைவிரலால் அவற்றை விலக்கிக் குனிந்து பார்த்தார். பாஷாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் படிக்கல. நீங்க நௌஃபாவைப் பத்தி உண்மையச் சொல்லிட்டா, நான் படிக்கவே மாட்டேன்."

பாஷா பற்றிக்கொள்ள ஒரு கயிறு கிடைத்த வேகத்தில் எழுந்து நின்றார். குரல் திரும்பி வந்துவிட்டது.

"உறவுகளே! இதுதான் அந்த ஷிமாக்! என்கிட்டயேதான் இருந்துச்சு! இந்தக் குடும்பத்தோட பொறுமைய ஒரு சோதனை..."

"ஆகா!" என்று பாய்ந்து வந்தார் நைஜல். "இதுவோ அந்த வரலாற்றுத் துணி! காணத் தருக!" நஹார் தடுக்குமுன் மூலையைக் கையில் வாங்கிக் கண்ணாடியை மாட்டினார். முகம் மலர்ந்தது. "இதோ எழுத்துகள் உள! அடியேனால் வாசிக்க இயலும்!" பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப்போகிற பிள்ளையின் ஆர்வத்தோடு, உரக்க, ஒவ்வொரு எழுத்தாக: "படை... வழங்கல்... கிடங்கு. மூன்றாம்... ச... மை... யற்... கூடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து... எண்பத்து மூன்று!"

நிமிர்ந்தார். "வியப்பு! தங்கள் பாட்டனார் எண்பத்து மூன்றிலும் போரிட்டனரோ?"

பாட்டனார் ஐம்பத்தொன்றிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எண்பத்து மூன்றில் அந்தக் கிடங்கின் சாவிக்கொத்து இளம் லெப்டினன்ட் ஹாயிலின் இடுப்பில் தொங்கியது என்பது கூட்டத்தில் ஆறு பேருக்காவது தெரியும். மற்றவர்களுக்கு அந்த ஆறு பேர் சொன்னார்கள். நைஜல் ஓரத்தை ஆராயாமலிருக்கத்தான் துணி 'தொலைந்தது' என்பதும் புரிந்துபோனது. சிரிப்பு முதலில் கடைசி வரிசையில் கிளம்பி, வரிசை வரிசையாக முன்னேறி, காது கேட்காத கிழவர் வரைக்கும் வந்தது. ஹம்தான் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே குலுங்கினான்.

"அப்ப அந்தக் குண்டு?" என்றான் ஷாஹிர். "சிகரெட்டா, இல்ல அடுப்புப் பொறியா?"

"பாஷா." திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரலில் சிரிப்பில்லை. கூடாரம் அடங்கியது. "போர்க்களமோ சமையக்கட்டோ, எனக்கென்ன. துணி நல்ல துணி. வியாழக்கிழமை அத உங்க கையில குடுத்தேனா, இல்லையா?"

"குடுத்தே," என்றார் பாஷா தொப்பியைத் தடவிக்கொண்டு.

"எனக்குக் கேட்டுச்சு. அங்க இருக்கிறவங்களுக்கு?"

"நௌஃபா வியாழக்கிழமையே என் கையில குடுத்துட்டா! அவ மேல ஒரு தப்பும் இல்ல! நான்... நான்தான் சொன்னது தப்பு!"

மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, நாற்பது ஜோடிக் கண்களிலிருந்து எங்காவது ஒளிய இடம் தேடியவர்போல, பாஷா குனிந்து கஹ்வாக் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

"நாற்பது பாகையும் சற்றே மேலும்," என்றார் நைஜல் பொறுப்பாக.

மாஜித் கண்ணை மூடிக்கொண்டான். நௌஃபாவின் அண்ணன் கலஃப், இதுவரை கஹ்வா அடுப்போரம் உட்கார்ந்திருந்தவர், தொண்டையைச் செருமினார்.

"பாஷா, குடிச்சிட்டீங்க."

"ஆமா."

"பொண்ணக் கேக்கவே இல்லையே?"

பாஷா காலிக் கோப்பைக்குள் பார்த்தார். அடியில் கொஞ்சம் ஏலக்காய்த் தூள் இருந்தது. குடிக்காத கோப்பை முன்னால் இருக்கும்வரைதான் பெண் வீட்டாருக்கு நெருக்கடி. குடித்த பிறகு அவர்கள் எதற்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை.

"இன்னொரு கோப்பை..." என்று ஆரம்பித்தார்.

"ஊத்துறதா வேண்டாமான்னு தங்கச்சிதான் சொல்லணும்."

"ஊத்த வேணாம்ண்ணே," என்றாள் நௌஃபா திரைக்குப் பின்னாலிருந்து. "கோப்பை இல்லாமலே கேக்கட்டும்."

முப்பது வருடம் விண்ணப்பங்களை வாங்கி, பெரும்பாலும் நிராகரித்து, கையெழுத்துப் போட்டுப் பழகியவர் பாஷா. விண்ணப்பித்துப் பழக்கமில்லை. உட்கார்ந்தார். பிறகு சரியில்லை என்று முழங்காலிட்டார். யாரும் உதவவில்லை.

"நௌஃபா... உம்மு ருவைதா," என்றார், மகள் பெயரால் மரியாதை கூட்டி. "எங்க பையன் மாஜித்துக்கு... உன் பொண்ணு ருவைதாவ..." நெற்றி வியர்வையைத் துடைக்கக் கை போனது, துடைக்க அங்கே துணி இல்லை. "தயவு செஞ்சு."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதாகக் குவைராவில் யாருக்கும் ஞாபகமில்லை.

வெளியே சோறு குழைகிற வாசனை வரத் தொடங்கிவிட்டது. மாஜித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடுத்தேன்," என்றாள் நௌஃபா.

அவள் அந்த வார்த்தையை முழுதாக முடிக்கவில்லை. அதற்குள் குலவை கிளம்பிவிட்டது. மணப்பெண் குலவையிடும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனாலும் முதலில் கேட்ட அந்த நீளமான, மூக்கடைத்த குலவை ருவைதாவுடையதுதான் என்று ஷாஹிர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.